மணிக்கு 6 கிலோமீட்டருக்கு எந்தக் கேமரா போதும்?

போன வருடம் ஒரு காலையில் சிங்கப்பூரின் பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் நீர்நாய்க் குடும்பம் ஒன்று, நடக்கச் சிரமப்படுகிறவர்கள் உட்கார்ந்து ஓட்டும் மொபிலிட்டி ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்த எனக்கு முன்னால் பாதையைக் கடந்தது. ஏழு உருப்படிகள். ஈரம் சொட்டச் சொட்ட ஓடிப்போயின. கடைசிக் குட்டி மட்டும் நின்று, முன்சக்கரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பில் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரே ஒரு புகைப்படம், அதுவும் என் முழங்கால். வீடியோ என்று நினைத்துப் புகைப்பட நிலையில் பொத்தானை அழுத்தியிருக்கிறேன்.

அது நான் வாங்கிய முதல் கேமரா. 500 சிங்கப்பூர் வெள்ளிக்குப் பக்கத்தில் விலை. மலையேறுகிறவர்களும் கடலுக்குள் குதிக்கிறவர்களும் வாங்குவது. எனக்கோ முடக்குவாதம். கால் மூட்டுகளைப் போலவே விரல்களும் ஒத்துழைப்பதில்லை. அந்தக் கேமராவின் பொத்தான் ஒரு பட்டாணி அளவு. என் தங்கை மகன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "பெரியம்மா, நீங்க போற வேகத்துக்கு இவ்வளவு பெரிய கேமரா எதுக்கு?"

கேலியாகத்தான் கேட்டான். ஆனால் கேள்வி சரியானது. நடைபாதையில் மொபிலிட்டி ஸ்கூட்டருக்கான வேக வரம்பை மணிக்கு 10 கிலோமீட்டரிலிருந்து 6 கிலோமீட்டராகக் குறைப்பது என்று அரசாங்கம் எடுத்த முடிவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். மணிக்கு 6 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 100 மீட்டர், வேகமாக நடக்கிறவரின் வேகம். பனிச்சறுக்கையும் மோட்டார் சைக்கிளையும் படம்பிடிப்பதற்காகச் செய்யப்பட்ட கேமராவின் திறமையில் பாதி இந்த வேகத்தில் வேலையே இல்லாமல் கிடக்கும். அந்தப் பாதிக்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை. மிச்சமாகும் பணத்தில் கொஞ்சத்தை, கேமராவை வண்டியில் மாட்டும் நல்ல பிடிப்பானுக்கும் நல்ல நினைவக அட்டைக்கும் செலவழியுங்கள். என் அனுபவத்தில் படம் நன்றாக வருவதும் கெடுவதும் இந்த இரண்டில்தான்.

முதலில் கைப்பேசியோடு ஒரு வாரம்

எதையும் வாங்குவதற்கு முன் உங்கள் கைப்பேசியை ஒரு பிடிப்பானில் மாட்டி நான்கைந்து முறை போய்வாருங்கள். சந்தைக்கு, பலதுறை மருந்தகத்துக்கு, எங்கே வழக்கமாகப் போவீர்களோ அங்கே. திரும்பி வந்து பதிவைப் பார்த்தால், உங்களுக்கு எதற்காகக் கேமரா வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். சிலருக்கு ஊரைச் சுற்றியதைப் பிள்ளைகளுக்கு அனுப்ப வேண்டும். சிலருக்கு யாராவது வந்து மோதினால் காட்டுவதற்கு ஒரு சான்று வேண்டும். முதலாவதற்கு அழகான படம் முக்கியம். இரண்டாவதற்குப் படம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, கேமரா நிற்காமல் ஓட வேண்டும்.

கைப்பேசியே போதுமே என்று தோன்றினால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், அதில் தவறில்லை. ஆனால் மூன்று சங்கடங்கள் உண்டு. நம் ஊர் வெயிலில் திரையைத் திறந்து வைத்துப் பதிவுசெய்தால் கைப்பேசி சூடாகி நின்றுவிடும். வழியில் ஸ்கூட்டர் மக்கர் செய்தால் வீட்டுக்குப் பேச வேண்டிய கைப்பேசியும் அதுதானே, அதன் பேட்டரியை வீடியோவுக்குத் தின்னக் கொடுக்கலாமா? அப்புறம் அதிர்வு. மோட்டார் சைக்கிளில் ஐபோனை மாட்டினால் வலுவான அதிர்வு அதன் கேமராவைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே எச்சரித்திருக்கிறது. சின்ன மின்சார ஸ்கூட்டரில் அதிர்வு குறைவுதான் என்றாலும் அதிர்வு தாங்கும் பிடிப்பானைப் பயன்படுத்தச் சொல்கிறது.

கையில் பிடித்துப் பாருங்கள்

இணையத்தில் எத்தனை விமர்சனம் பார்த்தாலும் ஒருமுறை கடைக்குப் போங்கள். சிட்டி ஹால் பக்கம் ஃபுனான், பெனின்சுலா கட்டடங்கள், ரோச்சோர் எம்ஆர்டி ரயில் நிலையம் அருகே சிம் லிம் ஸ்குவேர் என்று கேமராவைத் தொட்டுப் பார்க்க இடங்கள் இருக்கின்றன. வாங்க வேண்டும் என்பதில்லை. ஐந்து நிமிடம் கையில் பிடித்துக்கொண்டு நான்கு காரியங்களைச் செய்துபாருங்கள்.

பதிவுப் பொத்தானை விரல் நுனியால் அழுத்தாமல் விரல் மூட்டால் அழுத்துங்கள். அழுந்துகிறதா? பேட்டரி மூடியை நீங்களே திறந்து மூடுங்கள். தண்ணீர் புகாமல் இருக்க அதில் ஒரு ரப்பர் விளிம்பும் ஒரு சின்னத் தாழ்ப்பாளும் இருக்கும். என்னால் பாதி மாடல்களில் அதைத் திறக்கவே முடியவில்லை. நினைவக அட்டை சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். அதை வெளியே எடுத்துப் பாருங்கள், கீழே விழுந்தால் தேடி எடுப்பது யார் என்றும் யோசியுங்கள். கடைசியாக, பதிவு தொடங்கும்போது கேட்கும் 'பீப்' சத்தம் சாலை இரைச்சலிலும் காதில் விழுமா, சிவப்பு விளக்கு உட்கார்ந்த இடத்திலிருந்து தெரியுமா என்று கவனியுங்கள். அன்று இதை நான் பார்த்து வாங்கியிருந்தால் நீர்நாய்கள் என் கணினியில் இருந்திருக்கும்.

அணைந்திருக்கும் கேமராவின் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் தானே எழுந்து பதிவைத் தொடங்கும் வசதி கோப்ரோ, டிஜேஐ ஆகிய இரண்டு நிறுவனங்களின் கேமராக்களிலும் உண்டு. விரல் தகராறு செய்கிறவர்களுக்கு இந்த ஒரு வசதி '4கே' என்னும் மிக நுணுக்கமான படத் தெளிவைவிடப் பெரிது. குரல் கட்டளையும் சிலவற்றில் இருக்கிறது, ஆனால் ஆங்கிலம் போன்ற சில மொழிகளில்தான் சொல்ல வேண்டும், தமிழ் புரியாது. பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு பெட்டியைப் பார்த்து நாலுமுறை ஆங்கிலத்தில் கத்தினால் பக்கத்தில் இருப்பவர் நம்மை எப்படிப் பார்ப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

2024-இல் வந்த கோப்ரோ ஹீரோவில் பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கிறது, கழற்ற முடியாது. விமர்சகர்கள் அதைக் குறையாகச் சொன்னார்கள். எனக்கு அது நிறை, பேட்டரியைக் கழற்றி மாட்டும் வேலையே இல்லை. சில ஆண்டுகளில் பேட்டரி சோர்ந்தால் மாற்ற முடியாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டிஜேஐயின் ஆஸ்மோ ஆக்‌ஷன் 3, 4 மாடல்கள் காந்தத்தோடு கூடிய பிடியில் 'டக்'கென்று ஒட்டிக்கொள்ளும், திருகு சுற்ற வேண்டாம். பழைய மாடல் என்பதால் விலையும் இறங்கியிருக்கும்.

பெட்டியில் அச்சடித்த எண்கள்

விநாடிக்கு 120 சட்டகம் (ஃபிரேம்), 240 சட்டகம் என்று எழுதியிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். 30 போதும். 1080பி தெளிவு கைப்பேசியில் பார்க்கவும் தொலைக்காட்சியில் பார்க்கவும் தாராளம். 100 வெள்ளிக்குக் குறைந்த பெயர் தெரியாத கேமராக்களில் '4கே' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால், பல சமயம் சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கியதாகத்தான் இருக்கும். அதே கேமராவை 1080பி-யில் ஓட்டினால் ஒழுங்காக வேலை செய்யும்.

காசு கொடுக்க வேண்டிய அம்சம் ஆட்டத்தைச் சரிசெய்யும் வசதி. நம் வேகம் குறைவு, ஆனால் ஸ்கூட்டரின் சக்கரம் சின்னது. பலவற்றில் காற்றில்லாத கெட்டி டயர். சாலையைக் கடக்கும் இடங்களில் பார்வையற்றோருக்காகப் பதித்திருக்கும் மேடுள்ள மஞ்சள் ஓடுகள்மேல் ஏறியதும் படம் 'தடதட' என்று நடுங்கும். கால்வாய் மூடிகளும் அப்படித்தான். இந்த வசதி இல்லாத மலிவுக் கேமராவில் பத்து நிமிடம் பார்த்தால் தலை சுற்றும். கோப்ரோவின் பிளாக் மாடல்களில் 2018-இன் ஹீரோ 7 பிளாக்கிலிருந்து இந்த வசதி நன்றாக இருக்கிறது. ஆகவே இரண்டாங்கையாக வாங்கினால் அதற்கு முந்தியதை எடுக்காதீர்கள்.

இன்னொன்று, வெளிச்சம் மாறுவது. 2013-இல் தொடங்கிய திட்டத்தில் மட்டும் 200 கிலோமீட்டர் அளவுக்குக் கூரையிட்ட நடைபாதை போட்டார்கள். நிழலிலிருந்து வெயிலுக்கும், வெயிலிலிருந்து அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக்கும் மாறி மாறிப் போகிறோம். ஒவ்வொரு முறையும் மலிவான கேமராவில் படம் ஒரு நொடி வெளுத்து, அப்புறம் கறுத்து, பிறகுதான் நிதானத்துக்கு வரும். கடையில் கேமராவை வாசல் பக்கமும் உள்பக்கமும் மாற்றித் திருப்பிப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

காரில் வைக்கும் டேஷ்கேம் மலிவாகக் கிடைக்கிறதே என்பார்கள். அது காரின் மின்சாரத்தை நம்பியது, மழைக்கும் தாங்காது. எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் படம்பிடிக்கும் 360 கேமரா அழகுதான். வீட்டில் உட்கார்ந்து வெட்டித் தொகுக்கப் பொறுமை இருந்தால் வாங்குங்கள். எனக்கு இல்லை.

எங்கே மாட்டுவது

இதில் நான் மூன்று மாதம் தடுமாறினேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எல்லாருக்கும் முதலில் தோன்றும் இடம் முன்கூடை. கூடை கம்பி வலை, அது தனக்கென்று ஒரு தாளத்தில் ஆடும். காலியாக இருக்கும்போது ஒரு ஆட்டம், ஐந்து கிலோ அரிசி இருக்கும்போது வேறு ஆட்டம். தேக்கா சந்தையிலிருந்து திரும்பிய ஒரு நாள், சிராங்கூன் சாலையின் பொங்கல் தோரணங்களை எடுத்திருக்கிறேன் என்று மகிழ்ந்து வீட்டில் போட்டுப் பார்த்தால், அரைமணி நேரமும் கதாநாயகன் ஒரு முருங்கைக்காய். கூடையிலிருந்து நீட்டிக்கொண்டு லென்ஸுக்கு முன்னால் தலையாட்டிக்கொண்டே வருகிறது.

இரண்டாவது, கைப்பிடித் தண்டு. உறுதியான இடம்தான். ஆனால் கைப்பிடியைத் திருப்பும்போதெல்லாம் கேமராவும் திரும்பும். நேராகப் போகும்போதே நம் கை இடமும் வலமும் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருக்கிறது. நமக்கு அது தெரியாது, படத்தில் உலகமே தொட்டிலில் ஆடுவதுபோல் இருக்கும். சான்றுக்கு மட்டும் என்றால் இது போதும்.

இருக்கையின் பின்புறம் ஒரு கம்பம் நட்டு தோளுக்கு மேலே வைத்தால் படம் மிக அழகு, நம் தோளும் பாதையும் சேர்ந்து வரும். ஆனால் பொத்தான் கைக்கு எட்டாது, தாழ்ந்த கிளை இடிக்கும்.

நான் கடைசியில் வந்து நின்ற இடம் இடது கைதாங்கியின் முன்நுனி, அதுவும் உள்பக்கம். கைதாங்கி இருக்கையோடு இணைந்தது, வண்டி உடலோடு சேர்ந்துதான் திரும்பும். பொத்தான் கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உள்பக்கம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், பேருந்திலும் எம்ஆர்டியிலும் ஏற வண்டியின் அகலம் 70 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், நீளம் 120-க்குள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கேமரா அந்தக் கணக்கைக் கெடுக்கும், மின்தூக்கிக் கதவிலும் இடிக்கும். ஒரு எச்சரிக்கை: இறங்குவதற்காகக் கைதாங்கியைத் தூக்கும்போது கேமரா உங்கள் விலாவில் குத்தும். முதலில் கேமராவைக் கழற்றிவிட்டுத் தூக்கப் பழகுங்கள்.

பிடிப்பான் வாங்கும் முன் குழாயை அளந்துகொள்ளுங்கள். ஒரு நூலைக் குழாயைச் சுற்றிப் பிடித்து, நூலின் நீளத்தை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் வந்துவிடும். என் கைதாங்கிக் குழாய்க்கு நூல் 8.8 சென்டிமீட்டர் வந்தது, அதாவது விட்டம் 28 மில்லிமீட்டர். பிடிப்பானின் பெட்டியில் எந்த அளவிலிருந்து எந்த அளவுவரை பிடிக்கும் என்று போட்டிருப்பார்கள். சைக்கிள் கடைகளில் கிடைப்பதே போதும். பிளாஸ்டிக்கைவிட அலுமினியம் நல்லது, கேமரா பக்கம் கால் அங்குலத் திருகு இருக்கட்டும். கேமரா முக்காலிகளுக்குப் பெரும்பாலும் அதுதான் அளவு, எதிர்காலத்தில் வாங்கும் பெரும்பாலான கேமராக்களும் பொருந்தும். குழாய்க்கும் பிடிப்பானுக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டை வெட்டிச் சுற்றுங்கள். நடுக்கம் குறையும், மோட்டாரின் 'உய்ய்' சத்தமும் ஒலிப்பதிவில் இறங்காது. அப்புறம் கேமராவை ஒரு கயிற்றால் கைதாங்கியோடு கட்டிவையுங்கள். பிடிப்பான் நழுவினாலும் கேமரா சக்கரத்தடியில் போகாது.

லென்ஸைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்க்க வேண்டும். உட்கார்ந்திருக்கும் நம் உயரத்தில் நேராக வைத்தால் படம் முழுக்கப் பெல்ட்டும் பிளாஸ்டிக் பையுமாகத்தான் இருக்கும்.

அட்டையும் மின்சாரமும்

1080பி-யில் விநாடிக்கு 30 மெகாபிட் தகவல் பதிவாகும் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 13.5 ஜிபி ஆகும். 64 ஜிபி அட்டையில் நான்கு மணி நேரத்துக்கு மேல் போகும். 4கே-யில் 100 மெகாபிட் என்றால் அதே ஒரு மணிக்கு 45 ஜிபி. அட்டையில் 'வி30' என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள், விநாடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும் என்று பொருள். மலிவுக் கேமராக்கள் சில 32 அல்லது 64 ஜிபிக்கு மேல் ஏற்காது, முதலில் கையேட்டைப் பார்த்துவிட்டு அட்டை வாங்குங்கள்.

போலி அட்டை பெரிய தொல்லை. நான் 12 வெள்ளிக்கு '256 ஜிபி' வாங்கினேன். முதல் இருபது நிமிடம் பதிவானது. அதற்குப் பிறகு எல்லாக் கோப்பும் பெயரளவில் இருக்கிறது, திறந்தால் ஒன்றுமில்லை. அட்டையின் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதிக்கும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. வாங்கிய அன்றே வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லி ஓடவிடுங்கள்.

சான்றுக்காகப் பதிவுசெய்கிறவர்கள் சுழற்சிப் பதிவைப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று அல்லது ஐந்து நிமிடத் துண்டுகளாக எழுதி, அட்டை நிறைந்ததும் பழையதன்மேல் எழுதும். ஏதாவது நடந்துவிட்டால் உடனே பதிவை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் அழிந்துபோகும். கேமராவின் தேதியும் நேரமும் சரியாக இருக்கட்டும். பேட்டரி முழுக்கத் தீர்ந்தால் சில மலிவு மாடல்கள் பழைய ஆண்டுக்குப் போய்விடும்.

பல கேமராக்களின் பேட்டரி ஒன்றரை மணி நேரம் ஓடினால் பெரிது. கூடையில் 10,000 மில்லியாம்ப்-மணி பவர் பேங்க் ஒன்றை வைத்து யுஎஸ்பி கம்பி இழுத்தால் அரைநாளைக்குக் கவலையில்லை. அதை வெயில் படாமல் துணிப்பைக்குள் வையுங்கள். கம்பி செருகியிருக்கும்போது கேமராவின் மூடி திறந்திருக்கும், அப்போது அது தண்ணீர் தாங்கும் கேமரா இல்லை. மழை இருட்டிக்கொண்டு வந்தால் முதலில் கம்பியைப் பிடுங்குங்கள். ஸ்கூட்டரின் பேட்டரிக் கம்பியைப் பிரித்துக் கேமராவுக்கு இழுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அங்கே பெரும்பாலும் 24 வோல்ட், கேமரா கேட்பது 5 வோல்ட். வண்டியில் யுஎஸ்பி துளை இருந்தால் அதைப் பயன்படுத்தலாம், அவ்வளவுதான்.

புதிதா, இரண்டாங்கையா

200 வெள்ளி வாக்கில் ஒரு தொகையை ஒதுக்கினால் தெரிந்த நிறுவனத்தின் பழைய மாடலோ அடிப்படை மாடலோ கிடைக்க வாய்ப்புண்டு. பிடிப்பானுக்கும் அட்டைக்கும் 50 வெள்ளி தனியாக வையுங்கள். கரோசெல் இணையச் சந்தையில் இரண்டாங்கைக் கேமராக்கள் நிறைய வருகின்றன. பொருளை நேரில் வாங்குவதாகச் சொல்லி, உங்கள் அட்டையைப் போட்டு, அங்கேயே பத்து நிமிடம் பதிவுசெய்து பாருங்கள். பழைய கேமராவில் கோளாறு முதலில் காட்டுவது பேட்டரியும் மூடியின் ரப்பரும்.

கடையில் வாங்குவதற்கும் தனியாளிடம் வாங்குவதற்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் உள்ள 'லெமன்' சட்டப்படி, கடையில் வாங்கிய பொருளில் 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். பழுது பார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேட்கலாம். கடை விற்கும் இரண்டாங்கைப் பொருளுக்கும் இது உண்டு. தனியாள் தனியாளுக்கு விற்பதற்கு இல்லை. ரசீதை எறிந்துவிடாதீர்கள்.

அடுத்தவர் முகம்

பொது இடத்தில் நம் சொந்த நினைவுக்காகப் படம் எடுப்பதைத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் தடுப்பதில்லை, சொந்த, குடும்பப் பயன்பாட்டுக்கு அதில் விலக்கு இருக்கிறது. 'பாதுகாக்கப்பட்ட பகுதி' என்ற பலகை இருக்கும் இடங்களில் கேமராவை அணைத்துவிடுங்கள். யாரோ சைக்கிளில் வந்து இடித்துவிட்டார் என்ற கோபத்தில் அவர் முகத்தையும் விவரங்களையும் போட்டு 'இவரைத் தெரியுமா' என்று இணையத்தில் ஏற்றுவது, 2020 முதல் குற்றமாக முடியக்கூடும். பதிவைக் காவல்துறையிடம் கொடுங்கள்.

என் புளோக் கீழே தினமும் சதுரங்கம் ஆடும் சீனத் தாத்தாக்கள் முதல் நாள் கேமராவைப் பார்த்து முகம் சுளித்தார்கள். இப்போது அந்த மேசை வருவதற்குள் லென்ஸை ஒரு துணியால் மூடிவிடுகிறேன். கையசைக்கிறார்கள்.

முதல் ஓட்டம்

தொலைதூரம் வேண்டாம். புளோக்கைச் சுற்றிப் பத்து நிமிடம். திரும்பி வந்து பதிவைப் பெரிய திரையில் போட்டு, அடிவானம் சாய்ந்திருக்கிறதா, முழங்கால் பாதி இடத்தைப் பிடித்திருக்கிறதா, பேச்சு கேட்கிறதா என்று பார்த்துச் சரிசெய்துவிட்டு இரண்டாவது சுற்றுப் போங்கள். மூன்றாவது சுற்றில் எல்லாம் சரியாகிவிடும். அப்போது கேமராவின் மற்ற நிலைகளை அமைப்புகளுக்குள் போய் அணைத்துவிட முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் என்னைப்போல, நிலை மாற்றும் பொத்தான்மேல் ஒரு துண்டு கெட்டி அட்டையை ஒட்டி வையுங்கள்.

அங் மோ கியோவிலிருந்து காலாங் ஆற்றோரமாக இரண்டு மணி நேரம் போய்வந்த பதிவை யாரும் முழுதாக உட்கார்ந்து பார்க்கமாட்டார்கள், நம்மைச் சேர்த்து. விநாடிக்கு ஒரு படம் எடுக்கும் டைம்லேப்ஸ் நிலையில் வைத்தால் அதே இரண்டு மணி நான்கு நிமிடமாகச் சுருங்கும். என் தங்கை மகன் பாதி முழுப் பதிவும் பாதி டைம்லேப்ஸுமாக வைத்துத் தருகிறான். மரங்களும் பாலங்களும் ஓடுகின்றன, வழியில் தெரிந்தவர்களைப் பார்த்து நின்ற இடங்களில் மட்டும் படம் நிற்கிறது.

வீட்டுக்கு வந்ததும் கேமராவை உடனே மூடிவைக்காதீர்கள். குளிர்சாதன அறையிலிருந்து வெளியே போகும்போது லென்ஸில் ஆவி படியும், துடைக்காமல் ஐந்து நிமிடம் விட்டால் தானே போய்விடும். ஆனால் ஈரத்தோடு பைக்குள் போட்டால் நம் ஊர்க் காற்றுக்குச் சில மாதத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை வலை பின்னிவிடும். ஈரப்பதத்தைக் குறைக்கும் அலமாரிகள் விற்கிறார்கள், 200 வெள்ளிக் கேமராவுக்கு அது தேவையில்லை. நான் காலியான மைலோ டின்னில், நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு அதற்குள் வைக்கிறேன். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் மிதமான சூட்டில் அடுப்பில் வைத்து உலர்த்தி, நீலம் திரும்பியதும் மறுபடி டின்னில் போடுவேன்.